வீட்டில் கேம் சர்வர், வெளியே தெரியாத ஐபி: கோத்தகிரிப் பையன்கள் கேட்ட கேள்விகள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், லீவு விட்டதும் "அண்ணா, வீட்ல சர்வர் போடணும், ஆனா ஐபி யாருக்கும் தெரியக் கூடாது" என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அரவேனு, கட்டபெட்டு, சோலூர்மட்டம் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் அதேதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் மைன்கிராஃப்ட் விளையாட்டைத்தான் கேட்கிறார்கள், அதனால் உதாரணமும் அதுவே. சர்வர் என்றால் நண்பர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து ஆடுகிற கம்ப்யூட்டர், ஐபி என்றால் இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்பின் முகவரி எண்.

அண்ணா, சர்வர்னா பெரிய மெஷின் வேணுமா? என் லேப்டாப்பே போதுமா?

ஐந்தாறு பேர் ஆடுவதற்கு 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். பேட்டரி இருப்பதால் நம் ஊர் கரண்டுக்கு டெஸ்க்டாப்பைவிட அதுவே மேல். இணையத்தில் டவுன்லோடு வேகத்தைப் பார்க்காதீர்கள். சர்வருக்கு முக்கியம் அப்லோடு.

ஐபி தெரிஞ்சா என்ன பண்ணிருவாங்க? வீட்டுக்கே வந்துருவாங்களா?

வர மாட்டார்கள். ஐபியை வைத்து இடம் காட்டும் தளங்களில் என் எண்ணைப் போட்டால் ஒரு நாள் கோயம்புத்தூர் என்கிறது, ஒரு நாள் சென்னை என்கிறது. கோத்தகிரி என்று ஒருமுறைகூடக் காட்டியதில்லை. எந்த நேரத்தில் எந்த ஐபி யாரிடம் இருந்தது என்பது இணைய நிறுவனத்துக்குத்தான் தெரியும்.

உண்மையான தொல்லை வேறு. ஊரடங்கு சமயத்தில் நானே வீட்டில் ஒரு சர்வர் ஓட்டினேன். அடுத்தவன் கட்டின வீட்டை இடித்துக்கொண்டே இருந்த ஒரு பையனை வெளியே தள்ளினேன். அரை மணி நேரத்தில் லைன் படுத்துவிட்டது. மோடத்தில் எல்லா லைட்டும் பச்சை, ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. எங்கெங்கோ இருந்து குப்பை டேட்டாவை என் ஐபிக்குக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டிடாஸ் என்பது இதுதான். எங்கள் கேபிள்காரருக்கு மலைக்கு மேலே வரும் லைனே ஒல்லி. அதனால் தெருவில் நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து நின்றது. ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா, போனைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விளையாட்டுச் சண்டைதானே என்று நினைக்க வேண்டாம். 2016-இல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்து உலக இணையத்தையே ஆட்டிவைத்த மிராய் பாட்நெட் (திருட்டுத்தனமாகப் பிடித்த கருவிகளின் படை) முளைத்ததே மைன்கிராஃப்ட் சர்வர் தொழில் போட்டியில்தான். அதை எழுதிய மூன்று இளைஞர்கள் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி 2017 டிசம்பரில் வெளியே வந்தது.

போர்ட் ஃபார்வர்டு எல்லாம் யூடியூப்ல காட்டின மாதிரியே பண்ணிட்டேன். ஆனா ஃப்ரெண்டால உள்ளயே வர முடியல. நான் என்ன தப்பு பண்ணேன்?

தப்பு உங்களுடையதாக இருக்காது. போர்ட் ஃபார்வர்டு என்றால், வெளியிலிருந்து வருகிறவர்களை உங்கள் லேப்டாப்புக்கு அனுப்ப ரௌட்டரில் ஒரு கதவு திறப்பது. ரௌட்டர் பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஒரு எண் இருக்கும். அதையும், 'என் ஐபி என்ன' என்று சொல்லும் தளம் காட்டும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், குறிப்பாக ரௌட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் பின்னால் இருக்கிறீர்கள். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான், வீட்டுக்கு ஒன்று கொடுக்க முடியாது. அதனால் இணைய நிறுவனம் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. இதுதான் சிஜிநாட்.

எஸ்டேட் லயன் வீட்டில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெளியூருக்குக் கடிதம் எழுதினால் எஸ்டேட் ஆபீஸ் முகவரியைப் போட்டு அனுப்புவோம், பதிலும் ஆபீசுக்கு வரும். இது யாருக்கு வந்த பதில் என்று கிளார்க்குக்குத் தெரியும், கொடுத்துவிடுவார். முன்பின் தெரியாத ஒருவர் வெறும் எஸ்டேட் பெயரை மட்டும் எழுதிப் போட்டால்? யாருக்கு என்று தெரியாமல் கிளார்க் ஓரமாக வைத்துவிடுவார். உங்கள் நண்பனின் மைன்கிராஃப்ட் அப்படித்தான் ஆபீஸ் மேசையில் கிடக்கிறது. உங்கள் ரௌட்டரில் 25565 என்ற மைன்கிராஃப்ட் கதவு எண்ணை (போர்ட்) திறந்தது லயன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. எஸ்டேட் கேட் மூடித்தான் இருக்கிறது.

அப்போ என் ஐபி ஏற்கெனவே மறைஞ்சுதானே இருக்கு?

ஒரு விதத்தில் ஆமாம். ஆனால் மறைத்தது நீங்கள் இல்லை, திறக்கிற சாவியும் உங்களிடம் இல்லை. கீழே வரும் டனல் இந்தச் சிக்கலையும் அவிழ்க்கும், ஐபியையும் மறைக்கும். நம் மலையில் அது விருப்பம் என்பதைவிட வேறு வழியில்லாத வழி.

மாசம் கொஞ்சம் காசு கட்டினா ஸ்டேட்டிக் ஐபி தர்றாங்களாமே, வாங்கிரலாமா?

அலுவலக கேமராவுக்கு வாங்குங்கள். கேம் சர்வருக்கு வேண்டாம். முன்னே சொன்ன தாக்குதல் நடந்தபோது என்னிடம் இருந்தது ஸ்டேட்டிக் ஐபிதான். மாறும் ஐபியாக இருந்திருந்தால் மோடத்தை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டு வேறு எண் வாங்கியிருக்கலாம். நானோ காசு கொடுத்து, மாறவே மாறாத இலக்கை வாங்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கேபிள்காரரிடம் கெஞ்சித்தான் எண்ணை மாற்றினேன்.

லேப்டாப்ல விபிஎன் ஆன் பண்ணிட்டா போதாதா?

போதாது. சாதாரண விபிஎன் நீங்கள் வெளியே போகும் பாதையை மறைக்கும். சர்வருக்கு ஆட்கள் உள்ளே வர வேண்டும். விபிஎன் நிறுவனத்தின் ஐபியைத் தட்டினால் அது உங்கள் லேப்டாப்புக்குத் தானாக வராது, எஸ்டேட் கிளார்க் கதைதான். போர்ட் ஃபார்வர்டு வசதி தரும் விபிஎன்கள் சில உண்டு, ஆனால் குறைந்துகொண்டே வருகின்றன. முல்வாட் 2023-இல் அதை நிறுத்தியேவிட்டது.

சரி, டனல் டனல்னு எல்லாரும் சொல்றாங்க. அது என்னண்ணா?

மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் கடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்து உங்களுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்தக் கடை முகவரிக்கே அனுப்புகிறார்கள். கடைக்காரர் அதை கோத்தகிரி பஸ்ஸில் போட்டுவிடுகிறார். அனுப்பினவருக்குக் கடை தெரியும், உங்கள் வீடு தெரியாது. டனல் என்றால் அவ்வளவுதான். உங்கள் லேப்டாப் தானே வெளியே போய் அந்த 'கடை'யோடு ஒரு இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆடுகிறவர்கள் கடையின் ஐபிக்கு வருவார்கள், கடை அந்த இணைப்பின் வழியே உங்களிடம் அனுப்பும். இணைப்பைத் தொடங்குவது உங்கள் பக்கம் என்பதால் சிஜிநாட் தடுக்காது. ரௌட்டரில் எதையும் திறக்கவும் வேண்டாம்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது பிளேஇட். கேம் சர்வருக்கென்றே உள்ளது, இலவசத் திட்டம் உண்டு, டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகை டேட்டாவும் போகும். இந்த யுடிபியைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவா பதிப்பு டிசிபி 25565, போனில் ஆடும் பெட்ராக் யுடிபி 19132. என்கிராக் மாதிரி டிசிபி மட்டும் தெரிந்த டனலைப் போட்டுவிட்டு, போன்காரப் பையனால் உள்ளே வர முடியவில்லை என்று பாதி ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் உண்டு.

நாங்க அஞ்சே பேரு, எல்லாம் ஒரே கிளாஸ். இவ்வளவு வேணுமா?

வேண்டாம். டெயில்ஸ்கேல் போடுங்கள். ஐந்து பேரும் செயலியை நிறுவினால் ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே வீட்டில் இருப்பதுபோல ஆகிவிடும். ஊர் உலகத்துக்கு அப்படி ஒரு சர்வர் இருப்பதே தெரியாது. அது தரும் எண்ணும் 100 என்றே தொடங்கும், சிஜிநாட்டுக்கு ஒதுக்கிய அதே வரிசை. பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: டெயில்ஸ்கேல் முடிந்தவரை இரண்டு கம்ப்யூட்டரை நேராகவே இணைக்கும். அதனால் அந்த ஐந்து பேருக்குள் ஒருவர் நினைத்தால் உங்கள் உண்மையான ஐபியைப் பார்த்துவிடலாம். அந்நியரிடமிருந்து மறைக்கும், நண்பனிடமிருந்து மறைக்காது. வகுப்பில் அடிக்கடி சண்டை வரும் என்றால் முந்தின பதிலுக்கே போங்கள்.

டொமைன் வாங்கி கிளவுட்ஃபிளேர்ல ஆரஞ்சு மேகத்தை ஆன் பண்ணா சர்வர் கனெக்டே ஆகல. சாம்பல் ஆக்கினா ஆகுது. அப்படியே விட்டுரலாமா?

கிளவுட்ஃபிளேர் உங்கள் டொமைன் பெயருக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் சேவை. மேகம் ஆரஞ்சு என்றால் நடுவில் நிற்கும், சாம்பல் என்றால் விலகிவிடும். சாம்பல் ஆக்கியதுமே உங்கள் ஐபி தெருவுக்கு வந்துவிட்டது. ஆரஞ்சு மேகம் இலவசமாக மறைப்பது இணையதளத்தை மட்டும். மைன்கிராஃப்ட் டேட்டா அதற்குள் போகாது, அதற்கு ஸ்பெக்ட்ரம் என்று தனியாகக் காசு கட்டும் சேவை இருக்கிறது. எஸ்ஆர்வி ரெக்கார்டு, டைனமிக் டிஎன்எஸ் எல்லாம் பெயரை ஐபியாக மாற்றித் தருகிற டைரக்டரிகள்தான். டைரக்டரி எதையும் மறைக்காது.

ஒரு நாள் சாம்பலாக இருந்தாலும் போதும். பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. அங்கே ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது, ஐபியை மாற்றுவதுதான் வழி.

பிளேஇட் மாதிரி அடுத்தவங்க டனல் வேண்டாம், சொந்தமா பண்ண முடியுமா?

முடியும். மேட்டுப்பாளையம் கடையை நீங்களே வாடகைக்கு எடுப்பதுதான் விபிஎஸ், அதாவது இணையத்தில் மாத வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கம்ப்யூட்டர். மாதம் 4, 5 டாலருக்குக் கிடைக்கும் சின்னதே போதும். ஆட்டம் உங்கள் லேப்டாப்பில்தான் ஓடுகிறது, விபிஎஸ் வாங்கிக் கொடுக்கும் வேலை மட்டும் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே வயர்கார்டு என்ற டனல் மென்பொருளைப் போடுங்கள். 2020-இல் 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. விபிஎஸ்ஸில் 25565-க்கு வருவதை டனல் வழியாக வீட்டுக்குத் திருப்பிவிடும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதி இரண்டு. முடிந்தது.

"பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் யாராலும் வர முடியல" என்று வருகிறவர்கள் எல்லோரும் விட்ட ஒரே வரி: வீட்டுப் பக்க கட்டமைப்பில் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25. அது 25 நொடிக்கு ஒருமுறை 'இருக்கேன், இருக்கேன்' என்று குரல் கொடுக்கும். கொடுக்காவிட்டால் நம் எஸ்டேட் கிளார்க் இப்படி ஒரு வீடு இருப்பதையே மறந்துவிடுவார்.

நடுவுல ஒரு கடை இருந்தா லேக் ஆகாதா?

ஆகும். எவ்வளவு என்பது கடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். பெங்களூரு, சென்னை, மும்பையில் விபிஎஸ் எடுத்தால் கூடுவது பெரிதாகத் தெரியாது. ஜெர்மனியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் போய்வர வெறும் தூரத்துக்கே 75 மில்லிசெகண்ட், நடைமுறையில் நூறைத் தாண்டும். மைன்கிராஃப்ட் நொடிக்கு 20 தடவை, அதாவது 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை உலகைப் புதுப்பிக்கிறது. வாள் சண்டை போடுகிறவன் அந்த வித்தியாசத்தைக் கத்திச் சொல்வான். தோட்டம் போடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

டனல் போட்டதுக்கு அப்புறம் எல்லாரும் ஒரே ஐபில இருந்து வர்ற மாதிரி காட்டுது. ஹேக் ஆயிருச்சா?

இல்லை. எல்லாப் பார்சலும் மேட்டுப்பாளையம் கடையிலிருந்துதானே பஸ் ஏறுகிறது, அனுப்பினவர் பெயர் அதில் இருக்காது. இந்த நிலையில் யாரையும் ஐபியை வைத்துத் தடை செய்யாதீர்கள். நான் செய்தேன். ஒருவனைத் தடுக்கப் போட்ட கட்டளையில் என்னையும் சேர்த்து எல்லோருக்கும் கதவு சாத்திக்கொண்டது. பெயரை வைத்துத் தடை செய்யுங்கள். உண்மையான ஐபி தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பிராக்ஸி புரோட்டோகால் என்று ஒன்று இருக்கிறது, அனுப்பினவர் ஐபியைப் பார்சலோடு எழுதி அனுப்பும். பேப்பர், வெலாசிட்டி என்ற மைன்கிராஃப்ட் மென்பொருள்களுக்கு அது தெரியும், ஆனால் டனலின் இரண்டு முனையிலும் ஆன் செய்ய வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் யாருமே உள்ளே வர முடியாது.

எல்லாத்தையும் மறைச்சேன். அப்பவும் ஒருத்தன் என் ஐபியை சாட்ல போட்டான். எப்படிண்ணா?

இதைக் கேட்ட பையனோடு உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். டனலுக்கு முன்பு சோதனைக்காகத் திறந்த 25565 ரௌட்டரில் அப்படியே திறந்து கிடந்தது. அவனுக்கு சிஜிநாட் இல்லை. இணையத்தின் எல்லா ஐபியிலும் 25565-ஐத் தட்டிப் பார்த்து, சர்வர் பெயர் வாசகத்தையும் ஆடுகிறவர்கள் பட்டியலையும் சேகரிக்கிற ரோபோக்கள் இருக்கின்றன. டனல் வழியே தெரிகிற அதே வாசகம் இன்னொரு ஐபியிலும் தெரிந்தால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பழைய விதியை அழியுங்கள், ரௌட்டரில் தானாகப் போர்ட் திறக்கவிடும் யுபிஎன்பியை அணையுங்கள். பிளேஇட் மாதிரி டனல் செயலியும் சர்வரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், சர்வர் ப்ராப்பர்டீஸ் கோப்பில் சர்வர் ஐபியாக 127.0.0.1 போடுங்கள் (மேலே சொன்ன வயர்கார்டு முறைக்கு இது பொருந்தாது).

அடுத்த ஓட்டை ப்ளக்இன்கள், அதாவது சர்வரில் கூடுதலாகச் சேர்க்கும் செயலிகள். டைன்மேப் 8123-இல் வரைபடம் காட்டும், சிம்பிள் வாய்ஸ் சாட் யுடிபி 24454 கேட்கும். விளையாட்டை டனலில் விட்டுவிட்டு இவற்றுக்கு மட்டும் ரௌட்டரில் போர்ட் திறந்தால் முன்கதவைப் பூட்டி சமையலறைக் கதவைத் திறந்து வைத்த கதை. ரிசோர்ஸ் பேக்கை (ஆட்டத்தின் படம், ஒலிக் கோப்புகள்) வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே தருவதும் அப்படித்தான், அந்த இணைப்பு முகவரியிலேயே உங்கள் ஐபி இருக்கும்.

மூன்றாவது, நீங்களே. யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு உங்கள் ஐபி போய்விடும். ரௌட்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் "ஹெல்ப்" என்று போட்டவரும் உண்டு. டிஸ்கார்டு குரல் அழைப்பைச் சந்தேகப்பட வேண்டாம், அது அவர்கள் சர்வர் வழியாகத்தான் போகிறது.

ஐபிவி6 இருந்தா சிஜிநாட்டே கிடையாதாமே? டனல் இல்லாமலே நேரா வரலாமாம்?

வரலாம், இரண்டு பக்கமும் புதிய ஐபி முறையான ஐபிவி6 இருந்து ரௌட்டர் ஃபயர்வாலும் விட்டால். ஆனால் நீங்கள் கேட்டது மறைப்பது. ஐபிவி6 முகவரியின் முன்பாதி உங்கள் வீட்டு இணைப்புக்கே உரியது. லயன் வீட்டுக்குக் கதவு எண் கொடுத்த மாதிரி. டொமைனில் ஐபிவி6 முகவரியைக் காட்டும் ஏஏஏஏ ரெக்கார்டு தெரியாமல் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐபியை மறைச்சா சர்வர் சேஃப் தானே?

இல்லை. டனல் வந்தவரை எல்லாம் உள்ளே விடும், நல்லவர் கெட்டவர் பார்க்காது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியானபோது, மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி எழுதினாலே சர்வர் கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடிந்தது. 1.18.1 பதிப்பில்தான் அடைத்தார்கள். அன்றைக்கு ஐபி மறைந்திருந்தவர்களும் அதே பள்ளத்தில்தான் இருந்தார்கள்.

ஆகவே வைட்லிஸ்ட் (அனுமதித்த பெயர்களின் பட்டியல்) போடுங்கள், கணக்கு உண்மையா என்று சரிபார்க்கும் ஆன்லைன் மோடை ஆஃப் செய்யாதீர்கள். ஆஃப் செய்தால் யாரும் உங்கள் பெயரிலேயே நுழையலாம். போதாக்குறைக்கு, ஜாவா பதிப்பில் வழக்கமாக இருக்கும் என்கிரிப்ஷனும் போய், டனல்காரர் சாட்டைப் படிக்கலாம். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் ஆர்கான் (RCON) போர்ட் 25575-ஐ வெளியே விடவே வேண்டாம். அப்பா நெட்பேங்கிங் செய்கிற கம்ப்யூட்டரில் சர்வர் போடாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் கறார், அப்படிக் கொண்டு வந்தால் போட்டுத் தர மாட்டேன்.

தம்பி, பையன் ஐபியை மறைக்கிறேன்னு சொல்றான். இது சட்டப்படி தப்பில்லையா? போலீஸ் கேஸ் ஏதும் வருமா?

ஒரு அப்பா கேட்டது. சர்வர் வைப்பதோ, ஐபியை மறைப்பதோ, விபிஎன் பயன்படுத்துவதோ நம் நாட்டில் குற்றம் இல்லைங்க. மறைப்பதும் ஆடுகிறவர்களிடமிருந்து மட்டும்தான். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎஸ், விபிஎன் தருகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். பிடிக்காமல் சில விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. அதனால் பையன் போலீசிடமிருந்து ஒளிந்துகொள்கிறானோ என்ற பயம் வேண்டாம், அது நடக்கவும் நடக்காது.

தாக்குகிறவன் பக்கம்தான் குற்றம். ஐடி சட்டம் 43, 66 பிரிவுகளில் 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பையன் கோபத்தில், காசுக்கு டிடாஸ் தாக்குதல் நடத்தித் தரும் "பூட்டர்" என்று ஏதாவது வாங்கப் போகிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தா லைனும் போகுது, கரண்டும் போகுது. அப்ப டனல் என்ன ஆகும்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழாத வாரம் இல்லை. விழுகிற கற்பூர மரம் ஃபைபரையும் இழுத்துக்கொண்டுதான் விழும். மீதியைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளும். கரண்டுக்கு, மோடத்தின் 12 வோல்ட்டுக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது. உலகத்தின் நகல் ஒன்றைத் தினமும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், பாதியில் கரண்ட் போய் கோப்பு கெட்டவர்கள் என் கடைக்கு நிறைய வந்திருக்கிறார்கள்.

லைன் போனால்தான் டனலின் அருமை தெரியும். போன மழையில் அரவேனு பக்கம் ஃபைபர் அறுந்து இரண்டு நாள் வரவில்லை. லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் மாட்டினேன். வயர்கார்டு அந்த வழியாகத் தானே போய்க் கடையைப் பிடித்துக்கொண்டது. ஆடுகிறவர்களுக்கு முகவரி மாறவில்லை, எதையும் திருத்தவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும். இரண்டு நாளும் போன் அங்கேயே, கடுகு டப்பாவுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. யாராவது மிக்ஸியைப் போட அதைக் கொஞ்சம் நகர்த்தினால், உடனே டிஸ்கார்டில் "அண்ணா லேக்" என்று வந்துவிடும்.